இரண்டு லட்சம் மூடிகள்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். அவள் நலம்தான். என் நலத்தைப் பற்றி அடுத்த பத்திகளைப் படித்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கே தாங்கள், அக்கா, பிள்ளைகள், தங்கள் தொழிற்சாலையின் நான்கு இயந்திரங்கள் ஆகிய எல்லாரும் எல்லாமும் நல்ல ஓட்டத்தில் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இயந்திரங்களைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நேற்று நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் அக்காதான் எடுத்தாள். "அவர் இல்ல" என்றாள். மூன்றாவது முறை அவள் அப்படிச் சொல்லும்போது பின்னால் தாங்கள் தும்மினீர்கள். "யாருக்கா தும்முறது?" என்று கேட்டேன். "டிவி" என்றாள். நான்காவது முறை, "யாரு பேசறது?" என்று அவளே கேட்டாள். "உன் தம்பிக்கா" என்றேன். "எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பர்ச்சேஸ் மேனேஜரா ஆயிட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். துக்கம் விசாரிப்பவர்களிடம் பேசும் குரல். ஆகவே இந்தக் கடிதத்தை எங்கள் லாரி ஓட்டுநர் மூலம் கொடுத்தனுப்புகிறேன். பதில் வாங்காமல் வரக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பொறுமைசாலி. ஆனால் டீ கொடுக்காவிட்டால் ஹாரன் அடிப்பார்.

விஷயம் மூடி. இருபத்தெட்டு மில்லிமீட்டர், வெள்ளை, கழுத்தில் ஒரு வளையம், முதல்முறை திருகித் திறக்கும்போது அந்த வளையம் 'டக்' என்று அறுபட வேண்டும். எங்கள் நிறுவனத்தின் இருமல் மருந்துப் புட்டிகளுக்குப் பதினோரு வருடங்களாகத் தாங்கள் செய்து கொடுத்தது. எட்டு மாதங்களுக்கு முன் தாங்கள் அனுப்பிய நாற்பதாயிரம் மூடிகளை நான் திருப்பி அனுப்பினேன். எங்கள் வண்ண அட்டையில் உள்ள வெள்ளைக்கும் அந்த மூடிகளின் வெள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றேன். இருந்தது. ஜன்னல் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தெரிந்தது. தாங்கள் நியாயம் கேட்க நேரில் வந்தபோது, விற்பனையாளர்கள் காத்திருக்கும் அறையில் தங்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்தேன். நான் ஒரு கூட்டத்தில் இருப்பதாகத் தங்களிடம் சொல்லப்பட்டது. கூட்டத்தில் நானும் என் மதியச் சாப்பாடும் மட்டுமே கலந்துகொண்டோம். அதோடு விட்டேனா? 'சம்பந்தப்பட்ட விற்பனையாளருக்கு' என்று தொடங்கி மூன்று பக்கத்துக்கு விளக்கம் கேட்டு எழுதினேன். வருடாந்திர மதிப்பீட்டில் தங்களுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டேன். அதில் 'நிறுவனத்துடன் உறவு' என்ற தலைப்பின் கீழ் பத்துக்கு இரண்டு. அதைப் படித்துவிட்டு அக்கா, "உறவுக்கு ரெண்டா? அந்த ரெண்டு யாரு, நீங்களும் நானுமா?" என்று தங்களைக் கேட்டாளாம். என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அன்று என்னோடு அவளும் பேசவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தங்களிடம் இதுவரை சொன்னதில்லை. கேண்டீனில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர், "மூடி மட்டும்தான் அத்தானா சார், இல்ல புட்டி மாமனாரா?" என்று கேட்டார். எட்டுப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து மாடிக்குப் போய் வண்ண அட்டையை எடுத்தேன்.

தங்களுக்குப் பிறகு மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலை சொன்னவரைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. கண் கூசும். ஆனால் அந்த மூடியைத் திருகினால் அது திருகிக்கொண்டே இருக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. எங்கள் மருந்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போன ஒருவரின் வீட்டுப் பத்திரம் முழுவதும் இருமல் மருந்தில் ஊறிவிட்டது. அந்த வீட்டின் வடக்கு எல்லை எது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. மூடியை நிறுத்திவிட்டோம். கையிருப்பில் உள்ள நல்ல மூடிகள் இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி வரை வரும். பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லவில்லை.

"மூடி இல்லன்னா லைன் நிக்கும். லைன் நின்னா நீங்க நடங்க."

"எங்க சார்?"

"வீட்டுக்கு."

இருபத்துமூன்று வருட வேலை, அத்தான். வேறு எதையும் நான் செய்ததில்லை. வாங்க மட்டுமே தெரியும்.

இந்த நிலையில்தான் சென்ற சனிக்கிழமை, மூன்றாம் தேதி, கொள்முதல் மற்றும் விற்பனையாளர் மேலாண்மை மாநாட்டுக்குப் போனேன். மூடி செய்பவர் யாராவது கண்ணில் படுவார், கையோடு பிடித்துவிடலாம் என்று நினைப்பு. ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடியில் கூடம். மாநாட்டை நடத்துவது எங்கள் கொள்முதல் அதிகாரிகள் சங்கம். ஆகவே கூடத்தில் இருந்த அனைத்தும் மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்கு எடுக்கப்பட்டவை. வரவேற்புரை ஆற்றியவரின் வாய் அசைவதை எல்லாரும் தெளிவாகப் பார்த்தோம். ஏசி இரண்டு. ஒன்று ஓடவில்லை. இன்னொன்று ஓடியது, ஆனால் குளிரை வெளியே அனுப்பி வெக்கையை உள்ளே எடுத்தது. நாற்காலிகளில் சாயாமல் உட்காரும்படி ஒருவர் வரிசை வரிசையாக வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாநாட்டில் இந்த வருடம் ஒரு புது விதி. யாரும் பெயரோ நிறுவனத்தின் பெயரோ சொல்லக்கூடாது. மார்பில் ஒரு எண் மட்டும். வாங்குபவருக்கு நீலக் கயிறு, விற்பவருக்கு ஆரஞ்சுக் கயிறு. யார் யாரோடு ஒப்பந்தம் போட்டார்கள் என்ற விவரத்தைச் சங்கம் மூன்று நாள் கழித்துத்தான் அனுப்பும். தெரிந்தவன், சொந்தக்காரன் என்று பார்த்து ஆர்டர் கொடுப்பதை ஒழிக்க ஏற்பாடு. இந்த விதியை முன்மொழிந்து, ஆறு மாதம் வாதாடி நிறைவேற்றியவன் நான்தான். கேண்டீன் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறு பொழுதுபோக்கு இருக்கவில்லை.

பதிவு மேசையில் ஒரு பெண். என் எண்ணைப் பார்த்தார். அறுபத்து நான்கு.

"சார், நீலக் கயிறு தீந்துபோச்சு."

"எப்படித் தீரும்? எத்தனை பேரு வர்றாங்கன்னு கணக்கு இருக்கில்ல?"

"இருக்கு சார். சப்ளையர் பாதிதான் அனுப்பினாரு. மீதி சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்துடும்னு சொல்லியிருக்காரு."

"எந்த சப்ளையர்?"

"எல்லாரையும் விட கம்மியா சொன்னவரு சார்."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. "கயிறே வேணாம். அப்படியே போறேன்" என்றேன்.

"கயிறு இல்லாதவங்கள விடக்கூடாதுன்னு ரூல் இருக்கே சார்."

"அந்த ரூலை எழுதினவனே நான்தாம்மா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்" என்று சொல்லி, எழுந்து நின்று, என் கழுத்தில் ஆரஞ்சுக் கயிற்றை மாட்டிவிட்டார். ஒரு கயிறுதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேடையில் ஆலோசகர் ஒருவர், தானே கொண்டுவந்த, கன்னத்தோடு ஒட்டிய மைக்கில், விற்பனையாளர் என்பவர் நம் எதிரி அல்ல, நம் பங்காளி என்று முழங்கிக்கொண்டிருந்தார். நம் குடும்பங்களில் பங்காளிகளை எந்தக் கோர்ட்டில் போய்ப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "எதிரெதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தொண்டர் வந்து என் தோளைத் தட்டினார். "சப்ளையர்ஸ் எல்லாம் பின்னாடி சார்." நான் வாங்குபவன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார்.

தேநீர் இடைவேளையில் எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த ஒரு கொள்முதல் அதிகாரி எதிரே வந்தார். எந்த விலையைச் சொன்னாலும் முப்பது சதவீதம் குறை என்பார், அதனால் அவருக்கு முப்பது என்றே பெயர். அவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு நான் அலைந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். அவர் கண் என் கழுத்தோடு நின்றுவிட்டது. "அப்புறம் பாக்கலாம் பிரதர். புரோஷரை மட்டும் மேசையில வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே, நீட்டிய கையில் தன் காலி டீக் கப்பை வைத்துவிட்டு நடந்தார்.

அந்தக் கப்போடு கூடத்தின் பின்பகுதிக்கு வந்தேன். அங்கே ஆரஞ்சுக் கயிறுகள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தன. பிளாஸ்டிக் டப்பா செய்கிற பருத்த மனிதர் ஒருவரும், லேபிள் அச்சடிக்கிற ஒல்லி மனிதர் ஒருவரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். கண்ட இடத்தில் கேட்டுவிடுவது என்று டப்பாக்காரரிடம், "இருபத்தெட்டு எம்எம் மூடி பண்ணுவீங்களா? எனக்கு வேணும்" என்றேன். அவர் என் கயிற்றைப் பிடித்து இழுத்து லேபிள்காரரிடம் காட்டினார்.

"ஆரஞ்சு போட்டுக்கிட்டு வாங்கணுமாம். நம்ம ரேட்டை மோப்பம் பிடிக்க வந்திருக்காப்ல. தொழிலுக்குப் புதுசா தம்பி?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. "புதுசுதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"மூடித் தொழிலா? பண்ணு, நல்லா பண்ணு. ஆனா அந்த வெள்ளை அட்டைக்காரன் பக்கம் மட்டும் போயிடாத."

"எந்த வெள்ளை அட்டை?"

"இருமல் மருந்துக் கம்பெனில ஒருத்தன் இருக்கானாம். சட்டைப் பையில ஒரு அட்டை வெச்சிருப்பானாம். மூடியப் பக்கத்துல வெச்சு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாப்பானாம். சொந்த அக்கா வீட்டுக்காரரையே அஞ்சு மணி நேரம் உக்கார வெச்சவன்பா."

"மூணு மணி நேரம்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

"சரி மூணு. அந்த மூணு மணி நேரமும் உள்ள என்ன பண்ணிட்டு இருந்தான்னு கேள்விப்பட்டியா?" என்று லேபிள்காரர் என் பக்கம் குனிந்தார். "சாப்பிட்டுட்டு இருந்தானாம்."

"மூணு மணி நேரமாவா?"

"நிதானமா மெல்லுவான் போல."

"அவரு நல்ல மனுஷர்னும் சில பேரு சொல்றாங்களே" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"யாரு சொன்னது?" என்றார் டப்பாக்காரர். "அவனேதான் சொல்லியிருப்பான்."

சட்டைப் பையில் இருந்த அட்டையை, கைக்குட்டை எடுப்பதுபோல் எடுத்து, கால்சட்டைப் பைக்கு மாற்றினேன். சாப்பாட்டு விவரம் வரை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் தங்களைக் கேட்கவில்லை. ஆனால் அத்தான், அந்த இருவரும் என்னை அன்று முழுவதும் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். நான் கை கழுவப் போனால் என் நாற்காலியில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்தார்கள். நீலக் கயிற்றுப் பக்கம் இருபத்துமூன்று வருடத்தில் எனக்கு யாரும் இடம் பிடித்ததில்லை. என் பொருளை எப்படி விற்பது என்றும் டப்பாக்காரர் சொல்லிக் கொடுத்தார். "எதிர்ல இருக்கறவன் மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி எப்பவும் செத்த வீட்டு மூஞ்சியாத்தான் இருக்கும். அவன் பேனாவைப் பாரு. பேனாவைத் திறந்துட்டான்னா ஆர்டர்."

நீலக் கயிறு சாப்பாட்டு நேரத்துக்குள் வரவில்லை. சாப்பாடே சாப்பாட்டு நேரத்துக்குள் வரவில்லை. மூன்று மணிக்கு வந்தது, அதுவும் பாதி.

பிற்பகல் நிகழ்ச்சிக்கு 'ஏழு நிமிடச் சந்திப்பு' என்று பெயர். இருபது மேசை. மேசைக்கு ஒரு வாங்குபவர். விற்பவர்கள் மணி அடித்ததும் உட்கார்ந்து, ஏழு நிமிடம் பேசி, மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். பதிவுப் படிவத்தில் 'பொருள்' என்ற இடத்தில், எனக்கு வேண்டியதை நினைத்து, மூடி என்று எழுதியிருந்தேன். ஆரஞ்சுக் கயிறும் மூடியும் சேர்ந்ததும் கணினி என்னை மூடி விற்பவனாக முடிவு செய்துவிட்டது. பட்டியலில் என் எண்ணுக்கு எதிரே நான்கு மேசைகள். எழுந்து போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால், பதிவு மேசைப் பெண் கயிறு கொடுத்தவரோடு தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துவிட்டது. "ஓடு தம்பி" என்று டப்பாக்காரர் முதுகில் தள்ளினார். ஓடினேன்.

முதல் மேசைக்காரர் ஏழு நிமிடமும் வேறு யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது மேசைக்காரர் மூடியை விட்டுவிட்டு, எனக்கு எத்தனை குழந்தைகள், யாராவது வேலைக்குப் போகிறார்களா என்று விசாரித்தார். மூன்றாவது மேசையில் முப்பது உட்கார்ந்திருந்தார். அப்போதும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "மூடியா? எங்களுக்கு மூடி தேவையே இல்ல. ஆனா முப்பது பர்சென்ட் குறைச்சா யோசிக்கலாம்" என்றார். நாங்கள் இருவரும் ஒரே குழுவில் இருந்து எழுதிய 'விற்பனையாளரை மதிப்போம்' என்ற சிறு கையேடு அவர் முழங்கைக்குக் கீழே, சட்டையில் டீக் கறை படாமல் இருக்க, விரித்து வைக்கப்பட்டிருந்தது.

நான்காவது மேசையில் எண் நூற்றுப் பதினேழு. மூக்குக் கண்ணாடி போட்ட இளம்பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் ஒரு தாள், அதில் வரிசையாகக் கேள்விகள்.

"மருந்துப் புட்டிக்கு. இருபத்தெட்டு எம்எம். வெள்ளை. சாம்பிள் இருக்கா?"

இருந்தது, அத்தான். இதைத் தங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். புதிதாக மூடி செய்ய வருகிறவர்களிடம் 'இப்படி இருக்க வேண்டும்' என்று காட்டுவதற்காக எட்டு மாதமாக என் பையில் ஒரு மூடியை வைத்திருக்கிறேன். அது தாங்கள் செய்தது. நான் திருப்பி அனுப்பிய நாற்பதாயிரத்தில் ஒன்று. திருப்பி அனுப்பியது முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு காலிப் புட்டியை எடுத்தாள். மூடியைப் போட்டு அழுத்தி மூடினாள். திருகினாள். 'டக்'. அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. உடனே தாளைப் பார்த்து அந்த மலர்ச்சியை மறைத்துக்கொண்டாள். மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் மஞ்சள் அடிக்குதே?"

"ஏம்மா, மருந்து குடிக்கிறவன் மூடியோட கலரைப் பாத்தா குடிக்கிறான்? இருமல் நிக்குதான்னு பாக்கிறான். மூடி ஒழுகுதான்னு பாக்கிறான்."

இது எட்டு மாதங்களுக்கு முன் தாங்கள் என்னிடம் சொன்ன வாக்கியம். சொல் மாறாமல் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. மூடி வார்க்கும் தங்கள் மோல்டைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு ஷிப்ட்டின் முதல் நூறு மூடிகளைத் தாங்களே எடுத்து உடைத்துவிடுவதைச் சொன்னேன். மின்சாரம் போய் வந்த நேரத்தில் வந்த மூடிகளைத் தனி மூட்டையாகக் கட்டி, விற்காமல் மறுபடி உருக்குவதைச் சொன்னேன். பதினோரு வருடத்தில் ஒரு புட்டிகூட ஒழுகவில்லை என்றேன். இத்தனையும் எனக்குத் தெரியும், அத்தான். தெரிந்துதான் நாற்பத்தொன்று போட்டேன்.

அவள் தாளிலிருந்து படித்தாள். "தங்கள் விலை சந்தை நிலவரத்துக்குப் பொருந்துவதாக இல்லை." எங்கோ கேட்ட நடையாக இருந்தது. இரண்டு நிமிடம் பேரம் பேசினோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, வாங்குகிறவர்கள் எவ்வளவு அநியாயமாகப் பேசுகிறார்கள் என்று. கடைசியில், "பதினெட்டாம் தேதிக்குள்ள ரெண்டு லட்சம். முடியுமா?" என்றாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லி எழுந்திருக்க வேண்டும். எழுந்துவிட்டேன்கூட. அப்போது அவள் சொன்னாள். "முடியலன்னா சொல்லிடுங்க சார். உங்கள மாதிரி நெறைய பேரு இருக்காங்க."

இந்த வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் நாலாயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. திரும்ப உட்கார்ந்தேன்.

"எங்கம்மா இருக்காங்க? இருந்தா காட்டுங்க. இந்த மூடிய இந்த மாதிரி செய்ய ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு. காலையிலேர்ந்து தேடிட்டேன், வேற ஆளு இல்ல."

அவள் பேனாவைத் திறந்தாள்.

மணி அடிப்பதற்குள் ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தத் தாளில், எதிரில் இருப்பவர் பார்க்காதபடி மடித்து ஒட்டிச் சங்கம் வைத்துக்கொள்ளும் பகுதியில், விற்பனையாளர் பெயர் என்ற இடத்தில் தங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதி, 'சார்பாக' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். தங்கள் அனுமதி இல்லாமல். அதன்பிறகுதான் உறைத்தது. எனக்கே மூடி இல்லை, நான் யாருக்கு மூடி கொடுப்பது? டப்பாக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மொத நாளே ரெண்டு லட்சமா! நீ பொழச்சுக்குவ தம்பி" என்று லேபிள்காரர் கண் கலங்கினார். ஐந்தேகால் மணிக்குக் கூடம் காலியான பிறகு, பதிவு மேசைப் பெண் ஓடி வந்து, "சார், வந்துடுச்சு" என்று நீலக் கயிற்றை நீட்டினார்.

ஆகவே அத்தான், என் விண்ணப்பம் இது. நூற்றுப் பதினேழாம் எண்ணுக்குப் பதினெட்டாம் தேதிக்குள் இரண்டு லட்சம் மூடிகள். எங்கள் தொழிற்சாலைக்கு இருபத்திரண்டாம் தேதிக்குள் ஒன்றரை லட்சம். இன்று ஆறாம் தேதி. தங்கள் நான்கு இயந்திரங்களும் இரண்டு ஷிப்ட் ஓடினால் ஒரு நாளைக்கு முப்பதாயிரம் வரும் என்று எனக்குத் தெரியும். இன்றே மோல்டை மாட்டினால் இரண்டும் முடியும். முடியாவிட்டால் நான் வீட்டுக்கு நடக்க வேண்டியவன். தங்கள் பெயரும் என்னால் கெடும்.

நான் செய்தது தவறு. தங்கள் வெள்ளைதான் வெள்ளை. மூன்று பக்கக் கடிதத்தின் மூன்று பக்கங்களையும் வாபஸ் வாங்குகிறேன். நாற்பத்தொன்றைத் தொண்ணூற்றெட்டாக மாற்றுகிறேன். மீதி இரண்டு, இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னதற்காக. இனி தாங்கள் வந்தால் காத்திருக்கும் அறை கிடையாது, நேராக என் அறை, என் நாற்காலி. விலை தாங்கள் சொல்வதுதான். பேரம் என்ற பேச்சே இல்லை. வண்ண அட்டையை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்துவிட்டேன். தங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தில் விழுவதால் தாங்கள் குனிந்து தூக்க வேண்டியதில்லை.

அக்காவின் கோபம் ஆறவும், இயந்திரங்கள் பழுதில்லாமல் ஓடவும், பிள்ளைகள் நன்றாகப் படித்து நம் இருவரின் தொழிலுக்கும் வராமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம், விளக்கம் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
(விற்பனையாளர் எண் 64)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சங்கத்திலிருந்து விவரம் வந்துவிட்டது. நூற்றுப் பதினேழாம் எண் வேறு யாருமில்லை, எங்கள் நிறுவனம்தான். தலைமை அலுவலகத்தில் இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண்ணாம். என்மேல் நம்பிக்கை இல்லாமல் பொது மேலாளர் தனியாக அனுப்பியிருக்கிறார். எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொள்ள என் பழைய கடிதங்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்போதுதான் அவர் கூப்பிட்டார். "நீங்க போய் என்ன கிழிச்சீங்க? அந்தப் பொண்ணு ஏழே நிமிஷத்துல முடிச்சுட்டு வந்துட்டா. அங்க வந்திருந்த ஆளு பொருள் தெரிஞ்சவராம், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாம். கம்பெனி பேரைப் பாத்தா நம்ம பழைய சப்ளையர்! இவ்வளவு நல்ல மூடிய யாருய்யா நிறுத்தினது? நாளைக்குக் காலையில எழுத்து மூலமா விளக்கம் வேணும்" என்றார். ஆகவே மேலே உள்ளவற்றில் சில திருத்தங்கள். மூன்றரை லட்சம் வேண்டாம், இரண்டு லட்சம் போதும். ஒப்பந்தத்தில் உள்ள விலை நான் விற்கிற பக்கம் உட்கார்ந்து பேசியது. வாங்குகிற பக்கத்திலிருந்து பார்த்தால் அதிகமாகத் தெரிகிறது, குறைத்து அனுப்பவும். இழுப்பறைச் சாவியை ஸ்டோர் கீப்பரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். தங்கள் வெள்ளைதான் வெள்ளை என்று நான் எழுதிய வரியை அருள்கூர்ந்து அடித்துவிடவும், அது வெளியே போனால் என் விளக்கம் நிற்காது. அதற்குப் பதிலாக, எட்டு மாதத்துக்கு முன் அனுப்பிய மூடிகளில் நிறக் குறை இருந்தது உண்மை, இப்போது சரிசெய்துவிட்டோம் என்று தங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம், ஓட்டுநர் டீ குடித்து முடிப்பதற்குள், எழுதிக் கொடுத்தனுப்பவும். அதில் என்னிடம் மன்னிப்பும் கேட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.